தலைமைப் பயிற்சிக்குப் போனால் நிர்வாகம் பிடிபடுமா, தட்டச்சுதான் மிஞ்சுமா?

கேள்வி: 4 ஆகஸ்டு 2024

பெரம்பூரில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கல்வி நிர்வாகத்தில் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அதன் ஒரு பகுதியாக, ஒரு பருவம் முழுவதும் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியரின் அருகில் இருந்து தலைமைப் பயிற்சி பெற வேண்டும். எனக்கு முன்னால் இதை முடித்த இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: கல்வித்துறையின் இணையத் தகவல் தொகுப்பான எமிஸில் விவரம் ஏற்றினோம், ஆண்டு விழாவுக்கு நாற்காலி எண்ணினோம், கடைசியில் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கினோம், அவ்வளவுதான் என்று. வடசென்னையில் யாரேனும் இதை உருப்படியாக முடித்திருந்தால், எதைக் கற்றீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில்: 4 ஆகஸ்டு 2024, இரவு

நான் முடித்திருக்கிறேன். 2023 ஜூன் முதல் டிசம்பர் வரை, சம்பளமில்லா விடுப்பில், தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில். பள்ளியின் பெயர் வேண்டாம். நானும் நாற்காலி எண்ணினேன். 340, அதில் 11 உடைந்தவை.

உங்கள் தோழியர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர்கள் எதைக் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் விசாரியுங்கள். தலைமையாசிரியரின் அறையில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பேசுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தால் ஒன்றும் வராது. தொடக்கமும் முடிவும் உங்கள் பருவத்துக்குள்ளேயே அடங்குகிற ஒரு வேலையை, அதன் பதிவேட்டோடு, முழுதாக உங்களிடம் விடச் சொல்லுங்கள். வேலை சின்னதாக இருக்கலாம், பாதி வேலையாக இருக்கக் கூடாது. எழுத்தர் வேலை எதையும் ஏற்காதீர்கள். அது ஒட்டிக்கொண்டால் விடாது.

6 ஆகஸ்டு 2024

எந்த வேலை என்று மூன்று பேர் கேட்டிருப்பதால், எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். மாற்று வகுப்பு ஏற்பாட்டு நோட்டு. நீள நோட்டு, அடிக்கோலால் சிவப்பு மையில் கட்டம் போட்டது, அட்டையில் காக்கித் தாள். காலை 8.50க்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அன்று வராத ஆசிரியர்களின் பாடவேளைகளை, அந்த வேளையில் ஓய்வாக இருப்பவர்களுக்குப் பிரித்து எழுத வேண்டும், 9.10க்குள் நோட்டு ஆசிரியர் அறையைச் சுற்றிக் கையெழுத்துகளோடு திரும்ப வேண்டும்.

நான் கணக்கு ஆசிரியர். வாரத்துக்கு 40 பாடவேளை, அதில் 28 எடுப்பவருக்கு 12 ஓய்வு, யாருக்கு எந்த நேரம் ஓய்வு என்பதை ஓர் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். முதல் வாரம் மிகவும் நேர்மையாகப் பிரித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஆறு பேர் தற்செயல் விடுப்பு விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள்.

தலைமையாசிரியை அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ‘நோட்டை யார் கொண்டுபோனார்கள்?’ என்று மட்டும் கேட்டார். அலுவலக உதவியாளர் கொண்டுபோனார் என்றேன். ‘நான் எழுதினால் அவர் கொண்டுபோகலாம், நீங்கள் எழுதினால் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்’ என்றார். அப்போது அது எனக்குப் புரியவில்லை. அவருடைய கையெழுத்து அந்தத் தாளில் இருந்தால் அதற்குப் பின்னால் விடுப்பு, ஊதிய உயர்வு, பணி பற்றிய ரகசியக் குறிப்பு என்று எல்லாம் நிற்கின்றன. என் கையெழுத்துக்குப் பின்னால் நான் மட்டும்தான் நின்றேன், அதனால் நானே எதிரில் போய் நிற்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் நானே எடுத்துப் போனேன். போன பிறகுதான், நான் எட்டாம் வகுப்பு ‘ஈ’ பிரிவைத் தொடர்ந்து மூன்று நாட்கள் எழுதிவைத்த தமிழாசிரியர் அந்த நேரத்தில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஏதாவது சாப்பிடுகிறவர் என்பதும், மூன்றாம் பாடவேளை ஓய்வாக இருக்கும் இளம் ஆசிரியை கைக்குழந்தையின் பாட்டிக்குத் தொலைபேசியில் பேசுவது அந்த ஒரு நேரத்தில்தான் என்பதும் தெரிந்தன. அட்டவணையில் இருவரும் வெற்றுக் கட்டங்கள்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், நோட்டின் வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டு, இந்த மாதத்தில் இதுவரை யார் எத்தனை மாற்று வகுப்பு எடுத்திருக்கிறார் என்ற எண்ணிக்கையை எழுதியது. எல்லோரும் தங்கள் வகுப்பைப் பார்க்கும் முன் அந்தப் பத்தியைப் பார்த்தார்கள். முணுமுணுப்பு குறைந்தது. தமிழாசிரியர் மட்டும் தம் நாட்குறிப்பில் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தார். மாதக் கடைசியில் இரண்டு இடங்களில் அவர் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகவில்லை, இரண்டிலும் அவர் சொன்னதுதான் சரி. கணக்கு ஆசிரியர் என்ற பெயரை அன்று ஆசிரியர் அறையில் சத்தம் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

7 ஆகஸ்டு 2024

ஆறு பேர் என்று எழுதியிருந்தேன். என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன், ஐந்து பேர். ஆறாமவருக்கு உண்மையிலேயே காய்ச்சல்.

11 ஆகஸ்டு 2024

எண்ணூரிலிருந்து எழுதுகிற நண்பர், தாமதமாக வரும் மாணவர்களை என்ன செய்வது என்று கேட்கிறார். கேள்வி தலைப்பை விட்டு விலகியதுபோல் இருந்தாலும், எனக்குக் கொடுக்கப்பட்ட இரண்டாவது பதிவேடு அதுதான்.

9 மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவது என்று நான் ஒரு திட்டம் சொன்னேன். தாமதமாக வருவோர் பெயரை வாயிற்காவலர் எழுதுவார், மூன்று முறை ஆனால் பெற்றோரை அழைப்போம். அம்மா சரி என்றார். இரண்டு வாரத்தில் தாமதம் பாதியாகக் குறைந்தது. நான் வரைபடம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ‘நாளை முதல் மூன்று நாட்கள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கு வர வேண்டாம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் போய் நில்லுங்கள்’ என்றார்.

நின்றேன். அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சரக்கு வண்டி ஊர்ந்து போகும், அது முடிந்து கேட் தூக்குவார்கள் என்று பார்த்தால் எதிர்ப்பக்கம் மின்சார ரயில் வரும். இருபுறமும் கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, மீன்கூடை வைத்த சைக்கிள். எங்கள் சீருடை போட்ட பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, புத்தகப் பையை முதலில் தள்ளிவிட்டு, மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து தண்டவாளத்தைக் கடந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி என்னைப் பார்த்ததும், ‘மிஸ், இன்னிக்கு லேட் ஆகாது மிஸ்’ என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

நான் காட்டிய வரைபடத்தில் குறைந்த தாமதம் அப்படித்தான் குறைந்திருந்தது. அன்றே பூட்டு எடுக்கப்பட்டது. கேட்டுக்கு அப்பாலிருந்து வரும் 19 பிள்ளைகளின் பெயரைத் தனிப் பட்டியலாக எழுதி, இரண்டாம் மணி அடிக்கும் வரை அவர்களுக்குத் தாமதக் குறி இல்லை என்று அம்மா தம் கையால் ஆணைப் பதிவேட்டில் எழுதினார். ‘மூடிய கேட்டைக் கடப்பதைப் பார்த்தால் அன்றே பெற்றோரை அழைப்பேன்’ என்ற வரியையும் சேர்த்தார். பட்டியலில் இல்லாத நான்கு பேர் ஒரே வாரத்தில் கேட்டுக்கு அப்பால் குடிமாறிவிட்டதாகச் சொன்னார்கள் என்பது வேறு கதை.

15 ஆகஸ்டு 2024

கொடியேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். ‘அரசுப் பள்ளிகளில் பணிமூப்புப் பட்டியலில் பெயர் வந்தால் தலைமையாசிரியர் ஆகிவிடுகிறார்கள், அங்கே ஏது பயிற்சி, இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிக்கு உடன்படுகிறேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் முதல்வர் உரிமம் பெறுவதற்கே இப்படிப்பட்ட பயிற்சிக்காலம் தேவை. நம் ஊரில் பணிமூப்போடு துறைத் தேர்வுகள் இருக்கின்றன. தேர்வாணையம் நடத்துகிறது, மாவட்ட அலுவலக நடைமுறை நூலையும் கணக்குத் தேர்வையும் இரவில் கண்விழித்துப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். தன்பதிவேடு (தம்மிடம் வரும் தாள்களை எழுத்தர் பதிந்துவைக்கும் ஏடு) என்றால் என்ன என்பதை நான் அந்த நூலில்தான் படித்தேன். ஆனால் ஒரு கோப்பு எத்தனை நாளில் நினைவூட்டுக்கு வர வேண்டும் என்று அந்த நூல் சொல்லும், அந்தக் கோப்புக்கு உரிய தாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அது சொல்லாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். 2014இல் வந்த ஆசிரியர் கல்வி விதிமுறைகளின்படி, பி.எட். படிப்பவர் வகுப்பில் நின்று பாடம் நடத்தக் கற்பதற்குப் பள்ளியில் 16 வாரம் பயிற்சி பெற வேண்டும். நாற்பது ஆசிரியர்களையும் ஆயிரம் பிள்ளைகளையும் கையில் வாங்குகிறவருக்கு அப்படி ஒரு வாரமும் விதிக்கப்படவில்லை. தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் 2012இல் பள்ளித் தலைமைக்கென ஒரு தேசிய மையத்தைத் தொடங்கியது. அதன் பயிற்சிகள் பெரும்பாலும் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு.

25 ஆகஸ்டு 2024

மாற்றுச் சான்றிதழ் பற்றிய பேச்சு வந்துவிட்டது; எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

2023 ஜூன், பள்ளி திறந்த முதல் வாரம். உங்களுக்குத் தெரியும், ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுப் பக்கத்து வீடுகளில் பணம் அடியோடு வற்றியிருக்கும் நேரத்தில்தான் நாம் பள்ளியைத் திறந்து, நோட்டு, சீருடை, கட்டணம் என்று பட்டியல் நீட்டுகிறோம். மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை செய்கிற ஒரு தாய், ஏழாம் வகுப்பு முடித்த மகனை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். பையன் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு, கட்டணம் பாக்கி. எழுத்தர் என்னைப் பார்த்தார், நான் அந்தத் தாயைப் பார்த்து, மிக இனிமையாக, ‘நாளை வாருங்கள் அம்மா’ என்றேன்.

அவர் மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். எழுத்தர், பள்ளி நிர்வாகக் குழுவின் செயலரிடம் கேட்க வேண்டும் என்றார், செயலர் ஊரில் இல்லை. தலைமையாசிரியை அம்மாவிடம் இதைக் கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை, சின்ன விஷயம் என்று நினைத்தேன். நான்காம் நாள் அம்மாவே வராந்தாவில் அவரைப் பார்த்து, ‘எத்தனை நாளாக வருகிறீர்கள்?’ என்று கேட்டார். ‘நாலு நாளா டீச்சர். அந்த டீச்சர் நாளைக்கு நாளைக்குன்னு சொன்னாங்க. தினம் ஐந்நூறு ரூபா வேலை போச்சு.’ அரைமணி நேரத்தில் சான்றிதழ் கையெழுத்தானது. பாக்கியைப் பற்றிச் செயலரிடம் தாமே பேசிக்கொள்வதாக எழுத்தரிடம் சொன்னார்.

பிறகு என்னிடம், ‘நீங்கள் கொடுத்த “நாளை” உங்களுடையது இல்லை, என்னுடையது’ என்றார். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை எடுத்துப் படிக்கச் சொன்னார். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறிச் செல்ல விரும்பினால் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும், தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், சான்றிதழ் வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. நான் அந்தச் சட்டத்தைத் தேர்வுக்காக மனப்பாடமே செய்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரோடு அதை இணைத்துப் பார்க்கவில்லை. கடந்த மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றம், கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

26 ஆகஸ்டு 2024

ஆம், இரண்டாயிரம் ரூபாய். நான்கு நாளில் அந்தத் தாய் இழந்த கூலி அவ்வளவா என்று கேட்டவருக்குப் பதில். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, எப்படிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை.

8 செப்டம்பர் 2024

ஆகஸ்டு 1 கணக்கைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். உதவிபெறும் பள்ளியில் வேலை செய்யாதவர்களுக்காக: ஆகஸ்டு 1ஆம் தேதி பட்டியலில் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. எண்ணிக்கை கரைந்தால் ஒருவர் உபரி. உபரி ஆனவர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். ஜூலை மாதக் கடைசி வாரத்தில் ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போவதன் காரணம் இதுதான்.

2023 ஜூலையில் எட்டாம் வகுப்பில் இரண்டு பெயர்கள் ஜூன் முதலே வரவில்லை. அந்த இரண்டும் இருந்தால் பணியிடம் நிற்கும், போனால் நிற்காது. நீளமாக வராதவர்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டிருப்பது எப்படி என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் நிறைய. அம்மா யோசனை சொல்லவில்லை. வகுப்பாசிரியரையும் என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்.

முதல் பையனின் வீடு ஜீவரத்தினம் நகரில். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, குடும்பம் மீஞ்சூருக்குப் போய்விட்டதென்றும் அங்கேயே சேர்த்துவிட்டார்களென்றும் சொன்னார். திரும்பி வந்து எமிஸில் அவன் பெயரை விடுவித்து, வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு மாற்றினோம். நாம் விடுவிக்காததால்தான் புதிய பள்ளியில் அவன் பெயர் ஏறாமல் கிடந்தது என்பது அப்போது தெரிந்தது. பெயரைப் பிடித்து வைத்திருந்தால் பணியிடம் நின்றிருக்கும், ஆனால் பையன் எந்தப் பள்ளிக்கும் உரியவனாக இருந்திருக்க மாட்டான். இரண்டாவது பையனைத் துறைமுகத்தில் பார்த்தோம். ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான், கையில் கிழிந்த ரப்பர் உறை. வகுப்பாசிரியர் அவனிடம் பள்ளி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ‘சாப்பிட்டியா?’ என்றார். மூன்றாம் நாள் வந்தான். மூன்று வாரம் வந்தான். பிறகு வரவில்லை, மறுபடி போனோம், மறுபடி வந்தான். நான் பயிற்சியை முடித்துக் கிளம்பும்போது வந்துகொண்டிருந்தான். அதற்கு மேல் தெரியாது.

பணியிடம் ஒன்று உபரி ஆயிற்று. உபரி ஆனவர் அந்த வகுப்பாசிரியர்தான்; வேலையில் இளையவர் அவர். தாமே நடந்து போய், தாமே எண்ணி, தம் நாற்காலியை எடுத்துவிட்டார் என்று ஆசிரியர் அறையில் சொன்னார்கள். நான் அவரோடு தினமும் தேநீர் குடித்தவள்; அம்மா செய்தது சரி என்று இன்றும் சொல்வேன், சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

9 செப்டம்பர் 2024

முதல் நாள் குறிப்பில், எழுத்தர் வேலை எதையும் ஏற்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது அந்த வரி கண்ணை உறுத்துகிறது. திரும்பப் பெறுகிறேன். மாற்றுச் சான்றிதழும் எமிஸில் பெயர் விடுவிப்பதும் எழுத்தர் வேலையில்லாமல் வேறென்ன? பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் ஒரு தலைப்பெழுத்து பிசகினால் மதிப்பெண் பட்டியலில் பிசகும், அதைத் திருத்த அந்தப் பிள்ளை எத்தனை அலுவலகப் படிகள் ஏறும் என்று நமக்குத் தெரியும். எனவே: தட்டச்சு செய்யுங்கள், ஆனால் அந்தத் தாள் அறையை விட்டுப் போன பிறகு யார் கைக்குப் போகிறது என்பதையும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். இதற்காக என்னைக் கிண்டல் செய்திருக்கும் எழுத்தர் நண்பர்கள் மூவருக்கும் வணக்கம்.

14 செப்டம்பர் 2024

பணம் பற்றிச் சுருக்கமாக. தேர்வுக் கட்டணம் வாங்கி ரொக்கப் புத்தகத்தில் எழுதும் வேலை நான்கு நாள் என்னிடம் இருந்தது. இரண்டாம் நாள் மாலை 50 ரூபாய் குறைந்தது. பையிலிருந்து எடுத்து வைத்துச் சரிக்கட்டினேன், பெருமையாக அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். ஆறு மாதத்தில் அவர் என் மேல் உண்மையாகக் கோபப்பட்டது அன்று ஒரு நாள்தான். குறைந்தால் குறைந்தது என்று எழுத வேண்டும். கைப்பணத்தைப் போடுகிறவர் நாளைக்குக் கூடினால் எடுப்பார் என்றார். ரசீதுகளை மறுபடி எண்ணியபோது, ஒரு மாணவிக்கு மீதி கொடுக்கும்போது 50 அதிகமாகக் கொடுத்திருந்தது தெரிந்தது. அவள் மறுநாள் காலை தானாகவே திருப்பிக் கொண்டுவந்தாள். இப்போது பணம் கூடிவிட்டது.

22 செப்டம்பர் 2024

‘பயிற்சியாளருக்கு எல்லாவற்றையும் பார்க்க அனுமதி வேண்டும், இல்லையென்றால் என்ன கற்பது’ என்று கேள்வி கேட்ட ஆசிரியை எழுதியிருக்கிறார். இதில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன்.

பள்ளிகளில், பிள்ளைகள் தங்கள் புகார்களை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. எங்கள் பள்ளியில் அதைத் திறக்கும் நாளில் நான் அறையில் இருந்தேன். அம்மா சாவியை எடுத்தார், என்னைப் பார்த்து, ‘நீங்கள் நூலகத்துக்குப் போங்கள்’ என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. நிர்வாகத்தின் மையமே இதுதானே, இதைக் காட்டாமல் நாற்காலி எண்ணச் சொல்கிறார்களே என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அழைத்தார். உள்ளே என்ன இருந்தது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தார்: சீட்டை யார் முன்னிலையில் திறப்பது, எதைக் குறிப்பது, எதைக் குறிக்கவே கூடாது, கல்வித்துறை உதவி எண் 14417க்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் எப்போது சொல்வது, குழந்தையிடம் திரும்பத் திரும்ப யாரும் விசாரிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமக்குக் கீழ் பணியாற்றுகிறவர் செய்த குற்றத்தைத் தெரிந்தும் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும், ‘இது என் தலை, உங்கள் தலை இல்லை, அதனால்தான் வெளியே அனுப்பினேன்’ என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறவரின் காதில் ஏன் ஒரு பிள்ளையின் பெயர் விழ வேண்டும்? உங்கள் வழிகாட்டி உங்களை அறையை விட்டு அனுப்பினால், மறுபேச்சில்லாமல் போங்கள்.

15 அக்டோபர் 2024

மழை விடுமுறை. முந்தின நாளே அறிவித்துவிட்டதால் இந்த முறை தலைமையாசிரியர்களுக்குக் கொஞ்சம் மூச்சு. காலை ஆறு மணிக்கு மேல் ஆட்சியரின் அறிவிப்பு வரும் நாட்களில், 5.30க்கே எழுந்து, வருமா வராதா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்களே என்று தவிப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

இன்று வீட்டில் உட்கார்ந்திருப்பதால் மிக்ஜாம் புயல் பற்றி எழுதுகிறேன். 2023 டிசம்பர் 4. என் பயிற்சி முடிய மூன்று வாரம் இருந்தது. மறுபடி பள்ளி திறந்தது 11ஆம் தேதி. அதற்கு மூன்று நாள் முன்பு நாங்கள் ஏழெட்டுப் பேர் போய் அலுவலகக் கதவைத் திறந்தோம். சுவரில் முழங்காலுக்கு மேல் சேற்றுக்கோடு. இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் சேர்க்கைப் பதிவேடுகள். பள்ளியில் பல பதிவேடுகளை ஒரு காலத்துக்குப் பிறகு கழித்துவிடலாம், அதைக் கழிக்க முடியாது. அதைத்தான் கனமாக இருக்கிறதென்று கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். நாற்பது, ஐம்பது ஆண்டுப் பதிவேடுகள் ஊறி, ரொட்டி போல உப்பியிருந்தன.

பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் வைத்து, மின்விசிறிக்கு அடியில் பெஞ்சுகளில் விரித்தோம். பழைய பக்கங்களில் நீலக்கறுப்பு மை அசையாமல் நின்றது. தொட்டு எழுதும் பேனாவின் எழுத்து, ‘தகப்பனார் தொழில்: துறைமுகக் கூலி’, ‘பி அண்டு சி மில்’, ‘சலவை’ என்று வரிசையாகத் தெளிவாகப் படிக்க முடிந்தது. கடந்த சில ஆண்டுப் பக்கங்களில் ஜெல் பேனாவின் நீலம் ஓடிக் குளமாகியிருந்தது. ஓடிய பக்கங்களை, முழுதும் அழிவதற்குள் தனித்தாளில் பிரதி எடுக்கும் பொறுப்பு எனக்கு. எடுத்த ஒவ்வொரு தாளின் கீழும் என் சுருக்கொப்பம், அதற்குக் கீழே அம்மாவின் முழுக் கையெழுத்து. ஆறு மாதத்தில் அந்தப் பள்ளியின் நிரந்தரப் பதிவேடு ஒன்றில் என் எழுத்து ஏறியது அப்போதுதான். பழைய பக்கங்கள் நன்றாக இருந்ததால் அவற்றைப் பிரதி எடுக்கவில்லை.

இப்போது பதிவேடுகள் மேல்தட்டில் இருக்கின்றன. எழுத்தர் ஒவ்வொரு முறையும் ஸ்டூல் போட்டு ஏறி, என்னைத் திட்டிக்கொண்டே எடுப்பதாகக் கேள்வி.

10 நவம்பர் 2024

கேள்வி கேட்ட ஆசிரியை பயிற்சியில் சேர்ந்துவிட்டார். வேதியியல் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். பதிவேட்டில் 24 பியூரெட், கையில் 17. ஏழைக் காணவில்லை என்று யார் பெயரில் எழுதுவது என்று கேட்கிறார். ஒருவர் பெயரிலும் எழுதாதீர்கள். 17 என்று எழுதித் தேதி போடுங்கள். பிறகு ஆய்வக உதவியாளரோடு உட்கார்ந்து உடைந்தவற்றின் பட்டியலைத் தேடுங்கள். அநேகமாக ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் அது இருக்கும்.

12 நவம்பர் 2024

நேரில் பார்த்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஒன்று. போன வாரம் தலைமையாசிரியை அம்மா தொலைபேசியில் அழைத்தார். 1971இல் எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெரியவர், ஓய்வூதிய விண்ணப்பத்துக்காகப் பிறந்த தேதிச் சான்று கேட்டு வந்திருக்கிறார். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிறந்த தேதியில் நாளும் ஆண்டும் தெரிகின்றன, மாதம் இருக்கும் இடத்தில் செய்தித்தாளின் அச்சு ஒட்டி உரிந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நான் பிரதி எடுக்காமல் விட்ட பக்கம். உலரவைத்தவர் பட்டியலில் அந்தப் பதிவேட்டுக்கு நேராக என் சுருக்கொப்பம் இருந்ததால்தான் என்னை அழைத்தார்.

சனிக்கிழமை போனேன். எழுத்தரும் நானும் பதிவறையில் பழைய மாற்றுச் சான்றிதழ் புத்தகங்களின் அடிக்கட்டைகளை இரண்டரை மணி நேரம் புரட்டினோம். 1971 புத்தகம் மேல்தட்டில், ஈரம் படாமல் இருந்தது. 38ஆம் அடிக்கட்டையில் அவர் பெயர், பிறந்த தேதி எழுத்தாலும் எண்ணாலும். மாதம் ஆவணி என்று யாரோ ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்கள், உள்ளே ஆகஸ்டு. பெரியவர் வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சான்றைத் தட்டச்சு செய்து, இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து, அம்மாவிடம் கையெழுத்துக்கு வைத்தேன்.